அடியும் மீட்டரும்

சிவப்புச் சாயம் வெளுப்பதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். சிர்கோனியம் கலந்த அந்தச் சாயக் கரைசலில் கிணற்று நீரை விட்டால், நீரில் ஃப்ளூரைடு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குச் சிவப்பு இறங்கும். இப்போது எலக்ட்ரோடு வந்துவிட்டது. துல்லியம் கூடியிருக்கிறது, கண் முன்னே நிறம் இறங்கும்போது வயிற்றைப் பிசைகிற உணர்வு மட்டும் போய்விட்டது.

தர்மபுரி மாவட்டத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடை எந்த ஆலையும் கொண்டுவந்து கொட்டவில்லை. பயோட்டைட், அபடைட் போன்ற கனிமங்கள் கலந்த பழைய பாறை, தன்னுள் தேங்கிய நீருக்கு மெல்ல மெல்லக் கொடுப்பது அது. நீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் ஃப்ளூரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் கூடிய நீரில் அந்தத் தடை இல்லை. பென்னாகரம் பக்கத்தில் ஒரு அம்மா, "இந்த போர் தண்ணியிலதான் பருப்பு பூவா வேகும் சார்" என்று பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. பருப்பை வேகவிடாத கடினத்தன்மை இல்லையென்றால் ஃப்ளூரைடுக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். சந்தேகப்பட்டபடியே அளவு 1.5-ஐத் தாண்டியது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பல்லில் காவி படிவதும், வருடங்கள் போனபின் முதுகெலும்பு இறுகுவதும் இதன் வேலை. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைக் கண்டு ஷார்ட் என்ற மருத்துவர் 1937-இலேயே எழுதிவிட்டார்.

இப்படி ஊர் ஊராகப் பாலித்தீன் பாட்டிலோடு அலைந்து சேர்த்த அளவுகளை ஒரு கட்டுரையாக்கினேன். மற்றவர்கள் அதை மேற்கோள் காட்டக் காட்ட, சைட்டேஷன் ஏறத் தொடங்கியது. பதவி உயர்வுக்கு அது உதவியது என்பதை மறைக்கப் போவதில்லை. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல், சைட்டேஷனை வைத்து ஆய்வாளரை அளக்கும் எச்-இண்டெக்ஸைக் கண்டுபிடித்த பிறகு, எங்கள் ஆட்கள் சர்க்கரை அளவைச் சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். சைட்டேஷனில் பாதி, மொய் நோட்டுக் கணக்கு. நீ என் வீட்டு விசேஷத்துக்கு எழுதினாய், நான் உன் வீட்டு விசேஷத்துக்கு எழுதுகிறேன். மொய் எழுதுகிறவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாரா என்பது நோட்டில் இருக்காது.

அப்படிச் சாப்பிடாமல் போனவர்களை எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-இல், மேற்கோள்களில் வால்யூம் எண்ணும் பக்க எண்ணும் ஒரே மாதிரித் தப்பாகத் திரும்பத் திரும்ப வருவதைப் பின்தொடர்ந்தார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று மதிப்பிட்டார்கள். பரீட்சையில் பார்த்து எழுதியவனைப் பிழையை வைத்துப் பிடிக்கும் வாத்தியார் வேலைதான். படித்தபோது சிரித்தேன். என் கட்டுரையிலேயே அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

கண்டுபிடித்தவர் ஒரு ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். மறுபடி மாதிரி எடுக்கப் போனபோது, அவர் ஊர் என் கட்டுரையின் அட்டவணையில் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். எண்களின் மேல் விரலை ஓட்டியவர் நிறுத்தினார்.

"இது என்னங்க, 250 மீட்டரா? எங்க போர் 250 அடிதானுங்க. குழாய் இறக்கினப்ப நான் கூடவே நின்னேன்."

களக் குறிப்பேட்டைப் புரட்டினால் 'அடி' என்றுதான் என் கையெழுத்தே இருக்கிறது. தட்டச்சு செய்தபோது ஒரு பத்தி முழுக்க மீட்டராகியிருந்தது. எனக்கும் படவில்லை, கட்டுரையைச் சரிபார்த்தவர்களுக்கும் படவில்லை, மேற்கோள் காட்டியவர்களுக்கும் படவில்லை. ஒருவர் அந்த ஆழத்தையே ஆதாரமாக்கி, இந்தப் பக்கம் ஆழ்நீரில்தான் ஃப்ளூரைடு கூடுதல் என்று விளக்கம்கூட எழுதியிருந்தார். அந்தச் சைட்டேஷனும் என் கணக்கில் ஒன்று. திருத்தம் எழுதி அனுப்பினேன்; வெளியிட்டார்கள். அதை யாரும் மேற்கோள் காட்டியதாகத் தெரியவில்லை.

2013-இல், ஜப்பான் கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் வந்துவிட்டால் இந்த ஆராய்ச்சிக்கு வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. "ஆத்துத் தண்ணி குறையுற நாள்ல போரையும் தட்டிவிடுறோம் சார், வேற என்ன பண்றது" என்றார் ஆபரேட்டர். தொட்டிக்குள் இரண்டும் கலக்கும் விகிதம் நாளுக்கு நாள் மாறும். எந்தக் கட்டுரைக்கும் ஏற்ற தரவு இல்லை இது. ஒரு ஊர், ஒரு தொட்டி, ஒரு நாள். எந்த இதழும் போடாது.

ஆனாலும் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிடிக்கணும், எந்தத் தண்ணீர் என்று ஒட்டணும் என்று சொல்லியிருந்தேன். 'போர்', 'ஆறு', 'கலப்பு' என்று எழுதி ஒட்டி, பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அளந்து போனில் சொல்வேன். போன முறை போனபோது பார்த்தேன். தொட்டியின் தூணில் சாக்பீஸால் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார்: தேதி, அளவு, பக்கத்தில் கொஞ்சம் பெரிய எழுத்தில், மில்லிகிராம்.