மூன்று துளைகள்

ஐதராபாத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை உத்தியோகத்தை நாடி வந்தவை. ஏர் பிடிக்க வந்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் என் மைத்துனரின் தந்தையார் ஒருவர். நகருக்கு மேற்கே சேவெல்லாப் பக்கம் நான்கு ஏக்கர் நிலமும், ஒரு பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரும் அவர் விட்டுச் சென்ற சொத்து. 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் வண்டி அது. "நம்மைப் போலவே சென்னையிலிருந்து இங்கே பிழைக்க வந்த வண்டி" என்று மைத்துனர் பெருமையாகச் சொல்லுவார்.

சென்ற ஆண்டு அவர் டிப்பர் டிரெய்லரை விற்றுவிட்டார். அதனைத் தூக்குவதற்காகப் பல்லாண்டுகட்கு முன் எவரோ ஒரு பட்டறைக்காரர் டிராக்டரின் பின்புறத்தில் ஒரு வால்வைப் பொருத்தியிருந்தார். குழாய்களைக் கழற்றியதும் அதில் மூன்று துளைகள் வாய் பிளந்து நின்றன. இரண்டு, டிரெய்லருக்கு எண்ணெய் தருவன. மூன்றாவது, எண்ணெய் பெட்டிக்குத் திரும்பும் வழி. அதன் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தமையால் அதையும் எடுத்துவிட்டனர். எண்ணெய் சொட்டியது, கலப்பை பாதி உயரத்துக்கு மேல் எழவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் இருமுறை வந்து விலை பேசிச் சென்றார். மைத்துனர் மறுமொழி கூறாமல் இருந்தார். ஆனால் அவர் முகம் நன்றாக இல்லை.

"மூன்றையும் அடைத்துவிட்டால் போயிற்று, மாமா" என்றான் அவருடைய மகன்.

முப்பது ஆண்டுகள் இயந்திரப் பட்டறையில் உழன்றவனாதலால், "பொறு தம்பி" என்று தடுத்தேன்.

ஹாரி பெர்குசன் வகுத்த முறையைப் பின்பற்றிய இவ்வண்டியில், ஹைட்ராலிக் பம்பு பின் அச்சுப் பெட்டிக்குள்ளேயே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிறது. பற்சக்கரங்களுக்கும் பம்புக்கும் அதே எண்ணெய்தான். ஆகவே வெளியே சொட்டுவது பற்சக்கரங்களின் உயிர். துளை வழியே புகும் மண்துகள் பம்பின் பகை. அடைத்தல் அவசியம் என்பதில் ஐயமில்லை. எதனை, எதனால் அடைப்பது என்பதே கேள்வி.

முதலில் தூக்குக் கைகளைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, வால்வின் நெம்புகோலை இருபுறமும் அசைத்து, உள்ளே தங்கிய அழுத்தத்தை நீக்கினோம். பிறகு பழைய இணைப்பான் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டு செகந்திராபாத் ராணிகஞ்சுக்குச் சென்றோம். கடைக்காரப் பெரியவர் மரையை அளந்து பார்த்தே பேசினார். அரை அங்குலக் குழாய் மரையில் பிரிட்டிஷ் வகைக்கும் அமெரிக்க வகைக்கும் அங்குலத்துக்குப் 14 புரிகளே உண்டு. ஆனால் முன்னதன் கோணம் 55 பாகை. பின்னதன் கோணம் 60 பாகை. ஒன்றில் மற்றொன்று சில சுற்றுகள் இனிதாய் ஏறும். அழுத்தம் வந்ததும் கசியும். எங்களுடையது பிரிட்டிஷ் வகை நேர்மரை. அதற்கேற்ற இரண்டு எஃகுப் பிளக்குகளும், ரப்பர் விளிம்புள்ள டவுட்டி வாஷர்களும் வாங்கினோம். பிளாஸ்டிக் மூடி தூசுக்கு மட்டுமே அரண். நேர்மரையில் வெள்ளை டேப் சுற்றுவதும் வீண். அதன் நூல்கள் வால்வுக்குள் சென்று சிக்கும். எவரேனும் தவறி நெம்புகோலைத் தள்ளினால், சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தமும் அப்பிளக்கின் மீது விழக்கூடும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது துளைக்குப் பிளக்கு வாங்கவில்லை. புதிய குழாய் வாங்கினோம். வால்வுக்குள் கசிந்து சேரும் எண்ணெய் பெட்டிக்குத் திரும்பும் வழி அதுவே. சிலவகை வால்வுகளில் பம்பு அனுப்பும் எண்ணெய் முழுவதுமே அவ்வழியாகத்தான் திரும்பும். அதை அடைத்தால் அழுத்தம் தங்க இடமின்றி, வால்வின் மெல்லிய முத்திரைகளைப் பிதுக்கித் தள்ளும். பையன் விரும்பியவாறு மூன்றையும் அடைத்திருந்தால், இரும்பு வியாபாரி மூன்றாம் முறை வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.

எல்லாவற்றையும் பொருத்தி, எண்ணெயை அளவுகோல் வரை நிரப்பி, எஞ்சினை ஓட்டினோம். கசிவு உண்டா என்று தடவிப் பார்க்கப் பையன் கையை நீட்டினான். பற்றி இழுத்தேன். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். வெளியே சிறு புள்ளியாகத் தோன்றும் காயம் உள்ளே தசையை அழித்து, விரலையே இழக்கச் செய்யும். வலி இல்லையென்றாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய விபத்து அது. கண்ணாடி அணிந்து, ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை. எங்கள் அட்டை உலர்ந்தே இருந்தது.

கலப்பை முழு உயரத்துக்கு எழுந்தது. மழைக்கு முன் தக்காளி நிலம் முழுவதும் உழுதாயிற்று. பையன் இரண்டு பிளக்குகளுக்கும் சிவப்பு வண்ணம் பூசினான். திரும்பும் குழாயின் மீது மட்டும், "இதை அடைக்காதே" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதிக் கட்டியிருக்கிறான்.