ஆந்தையின் காலில் ஒரு சீட்டு

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருபதாண்டுகள் கழித்தவனுக்குப் படிவங்களின் மீது ஒரு பற்று ஏற்பட்டுவிடுவது இயல்பே. பெயர், நாள், இடம், கோப்பு எண் என நீளும் கட்டங்களைக் கண்டு நகைப்போர் பலர். என் இல்லத்தரசியும் அவர்களுள் ஒருவர். அக்கட்டங்களின் சார்பில் ஒரு பறவையின் கதையைச் சொல்ல விழைகிறேன்.

நாம் பிழைக்க வந்த இம்மராட்டிய மண்ணின் வடகோடியில், காந்தேஷ் பகுதியில், 'ஃபாரஸ்ட் அவ்லெட்' என்னும் சிற்றாந்தை வாழ்கிறது. 1873-ல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம்; காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணராயிருந்தாரே, அவரேதான்! 1884-க்குப் பிறகு கிடைத்ததாகச் சொல்லப்பட்ட மாதிரி ஒன்றே ஒன்று. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி பாடம் செய்து வைத்திருந்த அப்பறவையின் சீட்டில், குஜராத்தின் மாண்ட்வியில் 1914-ல் கிடைத்தது என்றிருந்தது. அதை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். பமீலா ராஸ்முசென் என்னும் அம்மையார் 1990-களில் ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: அருங்காட்சியகத்திலிருந்து களவாடிய பழைய பறவையைப் புதுப்பித்துப் பொய்ச்சீட்டு கட்டியிருந்தார் அம்மனிதர். அச்சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய மெய்ச்சீட்டுகள் காட்டிய இடங்களை நாடிச் சென்ற அம்மையாரின் குழுவினர், 1997 நவம்பரில் ஷஹாதாவுக்கு அருகே அவ்வாந்தையை உயிருடன் கண்டனர்.

சீட்டிலுள்ள இத்தகைய விவரத்தையே இன்று மெட்டாடேட்டா என்கின்றனர். தமிழில் மீத்தரவு எனலாம். அதனை ஆளுக்கொரு விதமாக எழுதினால் குழப்பமே மிஞ்சும். 3-4-82 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? இதற்கெனவே 2009-ல் 'டார்வின் கோர்' என்னும் பொதுத்தரம் ஏற்கப்பட்டது. எந்த உயிர், எங்கே, எந்நாள், கண்ணால் கண்டதா, மாதிரியாகச் சேகரித்ததா என ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயருள்ள கட்டம். 'எக்கலாஜிக்கல் மெட்டாடேட்டா லாங்குவேஜ்' என்பது இன்னும் நுணுக்கமானது. அளந்த முறை, ஒவ்வோர் எண்ணின் அலகு, பிறர் பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றையும் அதில் குறிக்கலாம். நிரப்புவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் முன்பின் அறியாத ஒருவர் எங்கிருந்தோ அத்தரவை எடுத்துப் படிக்க இயலுகிறதன்றோ?

என் பாட்டனார் எங்கள் சிற்றூரில் 1951 முதல் 1968 வரை நாள்தோறும் மழையளந்து எழுதிய குறிப்பேடு என்னிடம் உள்ளது. முத்து முத்தான எண்கள். அலகு மட்டும் இல்லை. நாடு அங்குலத்தை விட்டு மில்லிமீட்டருக்கு மாறிய காலம் அது. 40 என்றால் அங்குலத்தின் நூற்றுக்கூறான சென்ட்டா, மில்லிமீட்டரா? முன்னதாயின் பத்து மில்லிமீட்டர் தூறல். பின்னதாயின் குளத்துக்கு நீர் வந்த மழை. பெரிய அத்தைக்கு எண்பத்தைந்து வயது. சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோது அவரைக் கேட்டேன். அலகு அவருக்கு நினைவில்லை. மழைமானி தொழுவத்துக்குப் பின்னே, வேப்பமரத்தை விட்டு விலகி நின்றது என்றார். சொன்னவர் பெயரையும் நாளையும் சேர்த்து, அதைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.