மார்கழியில் மோர் யாருக்கும் வரும்

பத்தியச் சமையலுக்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு, புளியையும் காரத்தையும் குறைத்தால் போதாதா என்று லேக் வியூ ரோட்டில் ஒரு வீட்டில் கேட்டார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்தாகிவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட மனமில்லை.

குறைப்பது யாருக்கும் வரும். குறைத்த பிறகும் சாப்பிடுகிறவர் இன்னொரு கரண்டி கேட்க வேண்டும். புளி இல்லாத இடத்தை வறுப்பால்தான் நிரப்ப முடியும். பொரித்த குழம்புக்கு உளுத்தம்பருப்பு சிவக்கிற வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது; அரைத்துவிட்டபின் ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். இப்போது புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிகிறார்கள், தக்காளியை நாலு கூடப் போடுகிறார்கள். நெஞ்செரிச்சல்காரருக்கு மூன்றும் ஒன்றுதான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து ஆரிய கவுடா ரோட்டில் குடியிருந்த ஒரு மாமா. கல்யாணச் சமையலில் பெரிய கை. ஆனால் ஆளை எடைபோட அவருக்கு மோர் போதும். “சாம்பார் எவன் வேணும்னாலும் வைப்பான்டா, மோரைக் கொண்டா பார்க்கலாம்” என்பார். கத்திரி வெயிலில் ராத்திரியே உறை குத்தினால் மறுநாள் மத்தியானம் இலைக்கு வரும்போது பல் கூசும். அதனால் விடியற்காலையில் குத்த வேண்டும், உறையும் சொட்டுதான். மார்கழியில் அதே பாலுக்கு உறை அதிகம் வேண்டும், பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பங்கரையிலேயே வைக்க வேண்டும். தயிரில் உள்ள பாக்டீரியா பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற வேகமும் ஏறும். மாமாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. பானையின் விலாவைப் புறங்கையால் தொட்டு, “இன்னும் ஒரு நாழி” என்பார். தோய்ந்ததும் கடைந்து, வெண்ணெயை முழுக்க எடுத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, அப்போதே பரிமாற வேண்டும். நான் கொண்டுபோன மோரை எத்தனையோ முறை ஒரு வாய் குடித்துவிட்டுக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். திட்டக்கூட மாட்டார். அந்த மௌனத்தில்தான் நான் கற்றேன்.

இன்று பாக்கெட் தயிரில் தண்ணீர் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்று. வெண்ணெய் எடுக்காத அதை மோர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கொழுப்பு இருந்தால் சாப்பாடு இரைப்பையில் அதிக நேரம் தங்கும்.

ஆல்கலைன் தண்ணீர் மெஷின் வாங்கி வைத்த வீடுகளையும் பார்க்கிறேன். ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கும். நிறுத்தி வைப்பவை நுரையீரலும் சிறுநீரகமும். சாப்பாட்டால் அதை மாற்ற முடியாது. இரைப்பையில் அமிலம் இருக்கத்தான் வேண்டும், அது மேலே ஏறாமல் இருந்தால் போதும். ரங்கநாதன் தெருவில் கடையை மூடிவிட்டு, ஸ்டேஷன் மேம்பாலம் தாண்டி வந்து, பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுக்கிறவருக்கு எந்தத் தண்ணீரும் உதவாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் ஏழு மணிக்கே கடையில் சாப்பிட டிபன் கேரியர் கட்டிக் கொடுத்திருக்கிறேன். படுக்க மூன்று மணி நேர இடைவெளி, தலைமாட்டுக் கட்டில்காலுக்கு அரையடி உயரம், இடதுபக்கம் சாய்ந்து படுப்பது. இதையும் சேர்த்துத்தான் பத்தியம்.

சமையலால் எல்லாம் தீரும் என்று சொல்கிறவனும் நான் இல்லை. 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரியைக் கண்டுபிடித்தார்கள். அல்சருக்கு அது பெரிய காரணம் என்று காட்டியதற்காக 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அந்தக் கிருமிக்கு மருந்துதான் வேண்டும், மோர் போதாது. மலம் கறுத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, சாப்பாடு தொண்டையில் அடைத்தாலோ டாக்டரிடம் அனுப்பத் தெரியாதவன் பத்தியச் சமையலுக்கு வரக்கூடாது.

இப்போது கேட்டரிங்காரர்களே “டயட் மெனு” போடுகிறார்கள். அதில் அசிடிட்டிக்கென்று புதினா மோர். புதினா உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்திவிடும், எரிச்சல்காரருக்கு ஆகாது என்று ஒரு இடத்தில் சொன்னேன். பச்சையாகப் பார்க்க நன்றாயிருக்கிறது, எல்லோரும் கேட்கிறார்கள் என்றார்கள். மனசு ஆறவில்லை.

என்னிடம் வந்த பையன்கள் பொரித்த குழம்பு வரை இருந்தார்கள். மோருக்கு விடியற்காலை எழ வேண்டும் என்றதும் நின்றுவிட்டார்கள். யாராவது வந்தால் இன்றைக்கும் சொல்லித் தருவேன். சித்திரையில் வரட்டும்.