ஓடும்போது ஊறும் மின்சாரம்

கள ஆய்வுக்குப் புறப்படும் தமிழ் மாணவருக்கு ஒரு காலத்தில் குறிப்பேடும் எழுதுகோலும் போதுமானவையாக இருந்தன. பின்னர் ஒலிநாடாப் பதிவுக் கருவி வந்தது. அதற்குரிய பேட்டரிகளை ஊர்ப் பெட்டிக்கடையிலேயே வாங்கிக்கொள்ள முடிந்தது. இன்று எழுதவும், குரலைப் பதியவும், படம் பிடிக்கவும், பதிந்ததை உடனே போட்டுக் காட்டவும் டேப்லெட் என்னும் பலகைக் கணினி ஒன்றே உதவுகின்றது. ஆயினும் அதனுள் இருக்கும் பேட்டரியை வழியில் கழற்றி மாற்றிக்கொள்ள இயலாது. அது தீர்ந்தால் ஏடு, எழுதுகோல், பதிவுக் கருவி ஆகிய மூன்றும் ஒருசேர மூடிக்கொள்கின்றன. மின் இணைப்பு எளிதில் கிட்டாத கடற்கரையில் இதற்கு வழி யாது என்பதே எங்கள் முன் நின்ற வினா.

நாங்கள் இருவர், ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் எந்திரங்களோடு பழகிய நண்பர். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் சென்று, மீனவர் வழக்கிலுள்ள சொற்களைத் திரட்டுவது எங்கள் நோக்கம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் பெயர்களை அகராதி சொல்லும்; எந்தக் காற்றில் எந்த வலையை இறக்கலாகாது என்பதைக் கடலில் மூத்தவர் நாவே சொல்லும். அத்தகையோர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். இன்று பதியத் தவறிய சொல்லை மறுமுறை கேட்க வாய்க்கும் என்னும் உறுதி எவருக்கும் இல்லை.

மோட்டார் சைக்கிள் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதற்கு அடிப்படை. எஞ்சின் சுழலும்போது அதனோடு காந்தங்களும் சுழல, செப்புக் கம்பிச் சுருளில் மாறுமின்சாரம் எழுகின்றது. ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த ஒரு பகுதி அதனை நேர்மின்சாரமாக்கி, ஏறத்தாழ 14 வோல்ட் அளவில் அடக்கிப் பேட்டரிக்கு அனுப்புகின்றது. எங்கள் டேப்லெட்டுக்கு வேண்டுவதோ 5 வோல்ட். ஆற்று வெள்ளத்தை அப்படியே பாத்தியில் பாய்ச்சினால் பயிர் நிற்குமா? இடையே ஒரு மடை வேண்டும்.

அம்மடை இருவகைப்படும். மிகுதியான வோல்ட்டை வெப்பமாக்கிக் கழிப்பது ஒருவகை. 14 வோல்ட்டில் 9 வோல்ட்டைக் கழித்து 2 ஆம்பியர் கொடுத்தால், பயன்படுவது 10 வாட். வீணாவது 18 வாட். மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி இறக்குவது மற்றொரு வகை. இதில் இழப்பு மிகக் குறைவு. ஆதலின் நாங்கள் இதனையே தேர்ந்தோம்.

பட்டறையில் இருந்த மெக்கானிக் வயதில் இளையவர், அனுபவத்தில் மூத்தவர். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸை வைத்தார். ஒயர் எங்கேனும் உராய்ந்து வண்டியின் இரும்பைத் தொட நேர்ந்தால், தீப்பற்றுமுன் ஃபியூஸ் அறுந்து காக்கும். சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் செல்லுமாறு ரிலே ஒன்றையும் இணைத்தார். "சாவிய எடுத்தா இதுவும் அடங்கிடணும் சார். இல்லேன்னா ராத்திரி முழுக்க பேட்டரிய உறிஞ்சிக்கிட்டே கெடக்கும்" என்றார். கைப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, ஒயர் எங்கும் நசுங்கவில்லை என உறுதி செய்த பின்னரே எங்களை விடுத்தார்.

மாணவர்கள் அறியத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. யூ.எஸ்.பி. துளை எதுவாயினும் ஒன்றே என எண்ணலாகாது. சார்ஜ் செய்யும் கருவி எத்தகையது என்பதை டேப்லெட் தரவுக் கம்பிகளின் வழியே கேட்டறிகின்றது. தக்க விடை கிடைக்காவிடில் 0.5 ஆம்பியர் மட்டுமே எடுத்துக்கொள்வது வழக்கம். அது 2.5 வாட்டே ஆகும். திரையை எரியவிட்டால் செலவு அதனினும் மிகும். அப்போது சார்ஜ் ஏறுவதாகக் குறி காட்டும். விழுக்காடோ இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே டேப்லெட்டுக்கு ஏற்ற, 2 ஆம்பியர் தரவல்ல இணைப்பையே பொருத்தினோம்.

வரவு செலவுக் கணக்கும் இன்றியமையாதது. எங்கள் டேப்லெட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 26 வாட் மணி. வண்டியின் பேட்டரி 12 வோல்ட், 5 ஆம்பியர் மணி. பெருக்கினால் 60 வாட் மணி. எஞ்சினை நிறுத்திவிட்டு டேப்லெட்டை முழுவதும் நிரப்பினால், வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்து, வண்டிப் பேட்டரியில் பாதி போய்விடும். பின்னர் வண்டியைக் கிளப்ப எதனை நம்புவது? நின்ற நிலையில் எஞ்சின் மெல்ல ஓடும்போதும் மின் உற்பத்தி குறைவே. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு எப்போதும் எரியுமாறு செய்யப்பட்டுள்ளதால் அச்செலவும் சேரும். ஆகவே ஓடும்போது மட்டும் எடுப்பது என்று எங்களுக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம்.

வெயிலும் ஒரு பகை. லித்தியம் அயனி பேட்டரியை 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். நண்பகலில் கறுப்புப் பைக்குள் இருக்கும் டேப்லெட் அவ்வெல்லையை எளிதில் தொட்டுவிடும். எனவே உச்சிவேளையில் இணைப்பைத் துண்டித்து, மரநிழலில் டேப்லெட்டையும் எங்களையும் ஆற்றிக்கொண்டோம்.

ஏர்வாடியில் ஒருநாள் காலை முழுதும் பதிவு செய்ததில் டேப்லெட்டில் 14 விழுக்காடே எஞ்சியது. வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டோம். ஒரு மணி நேரப் பயணத்தின் பின் வேம்பார்ப் பக்கம் இறங்கியபோது 47 விழுக்காடு இருந்தது. அங்கே மின் இணைப்பற்ற வலைக் கொட்டகை ஒன்றில், எண்பது வயதைக் கடந்த பெரியவர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார். எங்கள் பட்டியலில் இல்லாத 31 சொற்கள் கிடைத்தன. வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்பட இருந்த அவருடைய பெயரர், பதிவைப் போட்டுக் காட்டியபோது அருகே வந்து அமர்ந்தார். தம் பாட்டனார் காற்றைப் பற்றி இவ்வளவு நேரம் பேசித் தாம் கேட்டதே இல்லை என்று கூறி, அக்குரலின் படி ஒன்றைத் தம் கைபேசியில் வாங்கிக்கொண்டார்.

பெரியவர் மேலும் சொல்ல விரும்பினார். டேப்லெட்டோ ஓயும் நிலைக்கு வந்திருந்தது. வண்டியிலிருந்து எடுக்கலாமே என்று பெயரர் சொன்னார். பெரியவர் எங்களை முந்திக்கொண்டு, "கடலுக்குப் போறவன் கரைக்குத் திரும்புற டீசல மொதல்ல ஒதுக்கி வச்சிருவான். அதுல கை வைக்க மாட்டான்யா" என்றார். நாங்கள் வகுத்த விதியை அவர் தம் தொழிலில் முன்பே அறிந்திருந்தார். டேப்லெட்டை மூடிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தோம். இருட்டும்வரை அவர் சொல்ல நாங்கள் எழுதினோம். வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பிற்று.

மாணவச் செல்வங்களே! கருவிகள் மேன்மேலும் வளரும். இன்றைய அளவுகளும் மாறக்கூடும். ஆயினும் கருவிக்கு ஊட்டும் ஆற்றல் எங்கிருந்து வருகின்றது, அதில் எவ்வளவு நமக்கு உரியது என்னும் கேள்விகள் மாறா. உழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது ஊறுவதைத் தயங்காமல் பயன்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கென வைத்த பங்கைத் தொடாதீர்கள். களத்திற்குச் செல்லும்போது பையின் ஓரத்தில் ஓர் எழுதுகோலும் இருக்கட்டும்.