செல்வி

வெளியூர்லேர்ந்து யாராவது வந்தா பிச்சாவரம் கூட்டிட்டுப் போற வேலை எப்பவும் என் தலையிலதான் விழும். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியா பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம். படகில் ஏறினதும் என் வழக்கமான சொற்பொழிவு ஆரம்பிச்சுடும். ஒரு பக்கம் வெள்ளாறு, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவுல 1100 ஹெக்டேர் சுரபுன்னைக் காடு, எம்ஜிஆர் 1975-ல் 'இதயக்கனி'க்கு இங்கதான் வந்தார், 2004 சுனாமியில் இந்த மரங்கள்தான்... இப்படிப் போகும். போன மாசம் அது பாதியிலேயே நின்னு போச்சு.

வந்தவங்க ரெண்டு பெண்கள். கோபன்ஹேகனில் இருக்கற என் கல்லூரி நண்பன் அனுப்பி வெச்சது. ரெண்டு பேருமே டென்மார்க்கில் வளர்ந்தவங்க. ஒருத்தர் கொரியாவில் பிறந்தவர். இன்னொருத்தர் 1978-ல் கைக்குழந்தையா தமிழ்நாட்டிலிருந்து போனவர். தத்துப்பிள்ளைகள். பெயர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, போடலை.

படகுக்காரருக்கு வயசு அறுபதுக்கு மேல இருக்கும். துடுப்பைப் போட்டுக்கிட்டே கேட்டார்.

"ஏந்தம்பி, இந்தம்மா நம்ம ஊரு முகமாவுல்ல இருக்கு. எந்த ஊரு?"

"டென்மார்க்கு அண்ணே."

"அது கெடக்கட்டும். சொந்த ஊரு?"

என்ன கேக்கறார்னு அவங்க என்னைப் பார்த்தாங்க. மொழிபெயர்த்தேன். "அதைத் தேடித்தான் வந்திருக்கேன்னு சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் அவர் ஒண்ணும் கேக்கலை.

கால்வாய் குறுகி, வேர்கள் ரெண்டு பக்கமும் தலையில் இடிக்கிற இடம் வந்தது. எதிரே வந்த படகில் ஒரு பொடியன் "அப்பா, நண்டு! அப்பா, நண்டு!"ன்னு கத்தினான். கொரியாக்காரம்மா சடக்குன்னு திரும்பினாங்க. கொரியாவிலும் அப்பாவுக்கு 'அப்பா'தான். அம்மா 'ஒம்மா'. ஒரு காலத்தில் நம்ம வலைப்பதிவுகளில் தமிழ்-கொரிய ஒற்றுமைன்னு எவ்வளவு அடிச்சுக்கிட்டோம்! ராணி கதை வரைக்கும் போனோமே. நான் உற்சாகமா அதை எடுத்து விடப் பார்த்தேன். அவங்க மெதுவா சொன்னாங்க: "எனக்கு இந்தச் சொல் இருபத்தாறு வயசில், சியோலில் மொழி வகுப்பில்தான் தெரியும். கூப்பிட ஆளில்லாம கத்துக்கிட்டேன்." வாயை மூடிக்கிட்டேன்.

கொரியாவிலிருந்து போர் முடிஞ்ச 1953-க்கு அப்புறம் சுமார் 2 லட்சம் பிள்ளைகள் வெளிநாடு போயிருக்காங்க. அவங்க வளர்ந்து, 1999-ல் வாஷிங்டனில் முதல் தடவை பெரிய அளவில் ஒண்ணு கூடினாங்க. 2004-ல் சியோலிலேயே கூடினாங்க. கூடிப் பேசினப்பதான் ஒருத்தர் கோப்பு மாதிரியே இன்னொருத்தர் கோப்பும் இருக்கறது தெரிஞ்சிருக்கு. 2022-ல் டென்மார்க் கொரியர்கள்தான் முன்னால நின்னு உண்மை கண்டறியும் ஆணையத்துக்கு மனு கொடுத்தாங்க. பெத்தவங்க உயிரோடு இருக்க, 'அநாதை'ன்னு எழுதி அனுப்பினது உண்மைதான்னு ஆணையம் 2025 மார்ச்சில் சொன்னது. அக்டோபரில் அந்நாட்டு அதிபர் மன்னிப்பு கேட்டார்.

நம்ம பக்கமும் இது இருக்கு. 1984-ல் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுக்கற வரைக்கும் வெளிநாட்டுத் தத்துக்கு ஒழுங்கான கட்டுப்பாடே கிடையாது. 2019-ல் டென்மார்க்கில் வளர்ந்த ஒருத்தர், நாப்பது வருஷம் கழிச்சு மணலியில் தன் அம்மாவைக் கண்டுபிடிச்ச செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கா? அதைப் படிச்சுட்டுத்தான் நம்ம ஊர் அம்மாவுக்கும் தேடணும்னு தோணியிருக்கு. "இவதான் என்னைத் தள்ளிவிட்டா"ன்னு தோழியைக் காட்டினாங்க.

நிற்க. இப்பதான் விஷயம்.

பையிலேர்ந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தாங்க. தட்டச்சு பண்ணின ஒத்தைத் தாள். பிறந்த இடம்: சிதம்பரம். தகப்பன் பெயர்: தெரியாது. தாய்: செல்வி. அவ்வளவுதான், ஆங்கிலத்தில். "அம்மா பெயராவது இருக்கே, அது போதும் எனக்கு"ன்னாங்க. பொண்ணு பிறந்தப்ப நடுப்பெயரா அதையே வெச்சாங்களாம்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கிட்டிருந்தேன். செல்விங்கற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு புள்ளி. அப்புறம் காலியா இடம். கல்யாணம் ஆகாத பொண்ணுங்க பேருக்கு முன்னாடி நாம போடற 'செல்வி'யா அது? எழுதினவர் பேரைப் போடாமலே விட்டுட்டாரா? இல்லை, பேரே செல்விதானா? எங்க தெருவிலேயே நாலு செல்வி உண்டு.

சொல்றதா வேண்டாமா? நாப்பத்தெட்டு வருஷமா ஒருத்தர் கையில் இருக்கறது அந்த ஒரே வார்த்தை. அதைப் பிடுங்க நான் யாரு? ஆனா தேடி வந்தவங்ககிட்ட தெரிஞ்சதை மறைச்சா, அந்தக் கோப்பு எழுதினவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? படகு ஒரு திட்டைச் சுத்தி வர்ற வரைக்கும் இதே ரோதனை. படகுக்காரர் வேற, சுரபுன்னை விதை தாய் மரத்திலேயே முளைச்சு, முருங்கைக்காய் கணக்கா தொங்கி, அப்புறம் தண்ணியில் விழுந்து எங்கெங்கேயோ மிதந்து போய் வேர் விடும்னு விளக்கிக்கிட்டு வர்றார். மனுஷன் தெரிஞ்சு சொன்னாரா தெரியாம சொன்னாரா, தெரியலை. மொழிபெயர்த்தேன், உவமை எதுவும் பேசலை.

அப்புறம் சொல்லிட்டேன். ரெண்டு அர்த்தத்தையும்.

அவங்க அழலை. தாளைத் திரும்ப வாங்கி, அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாங்க. "அப்போ கல்யாணம் ஆகாதவங்க. அது மட்டுமாவது நிச்சயமா?" அதுவும் நிச்சயமில்லைன்னேன். கொரியாக்காரம்மா அவங்க தோளில் கையைப் போட்டு டேனிஷில் என்னமோ சொல்ல, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. கேட்டதுக்கு, "என் கொரியப் பெயரே ஏஜென்சி குமாஸ்தா வெச்சதுதான், இவளுக்கு ஒரு புள்ளியாவது கிடைச்சிருக்குன்னேன்"னாங்க.

"என்னவாம் தம்பி?"ன்னு படகுக்காரர் கேட்டார். சொன்னேன். "எங்க ஆத்தா பேரும் செல்விதான்"னார். இதையும் மொழிபெயர்க்கச் சொன்னார்.

கரையில் இறங்கினதும் நோட்டை நீட்டி, தமிழில் எழுதித் தரச் சொன்னாங்க. 'செல்வி'ன்னு எழுதினேன். புள்ளி வைக்கலை. அவங்களே பேனாவை வாங்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கிட்டாங்க.

பி.கு: 1977-78 வாக்கில் சிதம்பரம், புவனகிரி, கிள்ளை பக்கம் மருத்துவச்சியாவோ நர்சாவோ வேலை பார்த்தவங்க உங்க குடும்பத்தில், தெருவில் இருந்தா எனக்கு ஒரு வரி எழுதுங்க. அவங்க ஏப்ரலில் திரும்ப வர்றாங்க.