பேரு என்னங்க பாட்டி?

ஒருவரின் பெயரைக் கேட்பதற்கு என்ன பெரிய இலக்கணம் வேண்டும்? 'உங்கள் பெயர் என்ன?' மூன்றே சொற்கள். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலேயே படித்து முடித்த பாடம். கடந்த ஆண்டு விடுமுறையில் பத்து காஜாவில் அந்தப் பாட்டியைச் சந்திக்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் முதியோருக்கு இலவசக் கண் பரிசோதனை. பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்கு வந்திருந்த என்னைப் பதிவு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. பாரத்தில் இருந்த கட்டங்களை அப்படியே வாயால் படித்துக்கொண்டிருந்தேன். "பேரு? வயசு? ஐசி?" தலையைக்கூட நிமிர்த்தவில்லை. வேகமாக முடித்தால் அவர்களுக்குத்தானே நல்லது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

"பேரு?" பதில் இல்லை. காது மந்தமோ என்று எண்ணி மறுபடியும் சத்தமாகக் கேட்டேன். "பேரு?"

"முனியம்மா ரெண்டு."

நிமிர்ந்து பார்த்தேன். எண்பது வயதைத் தொட்டிருப்பார். "என்ன ரெண்டு, பாட்டி?" என்றேன்.

"நீ பெரட்டுல கிராணி கேட்ட மாதிரியே கேட்டியா, அதான் அந்தப் பேரே வாயில வந்துருச்சு" என்று சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தில் முனியம்மாக்கள் மூன்று பேர் இருந்தார்களாம். விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில் குழப்பம் வரக்கூடாதென்று செக்ரோலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிவிட்டார்கள். முதலாம் முனியம்மா இறந்த பிறகும் இவர் இரண்டாகவே இருந்திருக்கிறார்.

நான் எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். தவற்றைத் திருத்திக்கொள்ளும் அவசரத்தில், "உங்கள் பெயர் என்ன?" என்று அழுத்தந்திருத்தமாகக் கேட்டேன்.

"இது வாத்தியார் கேக்குற மாதிரி இருக்கே!" என்று மறுபடியும் சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பழைய தோட்டத்து ஆளு. இப்ப மக வீட்டுல இருக்கேன். நீ யாரு வீட்டுப் பிள்ளம்மா?" என்றார்.

என் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்னேன். "மார்க்கெட்டுப் பக்கம் தையக்கடை வச்சிருந்தாரே, அவரு பேத்தியா?" என்றவரின் முகம் மலர்ந்தது. அதன் பிறகுதான் எனக்குச் சரியாகக் கேட்க வந்தது. "பாட்டி, உங்களுக்கு வீட்டுல என்ன பேருங்க?"

"தங்கம்னு கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிட்டவங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க."

'உன்' என்பதை 'உங்கள்' ஆக்கினால் மரியாதை வந்துவிடும் என்று நாம் படித்திருக்கிறோம். 'தங்கள்' என்பது அதற்கும் ஒரு படி மேல். மேடைக்கும் கடிதத்திற்கும் பொருந்தும். ஆனால் நேர்ப்பேச்சில் பணிவைச் சுமப்பவை பாட்டி, ஐயா, அக்கா என்னும் உறவுச் சொற்களும் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன 'ங்க'வும்தாம். நம் மலாய் நண்பர்களும் பெரியவர்களிடம் 'சியாப்பா நாமா?' என்று மொட்டையாகக் கேட்பதில்லை; மாக்சிக், பாக்சிக் என்று சேர்த்தே கேட்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, பாட்டி செய்ததுபோல் தன்னைப் பற்றி முதலில் சொல்லிக்கொள்வது இருக்கிறது. நம்மைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அது அறிமுகம். சொல்லாமல் கேட்டால் அது விசாரணை.

'யார் வீட்டுப் பிள்ளை?' என்ற கேள்வி சில வாய்களில் சாதியைத் துழாவும் தூண்டிலாகவும் மாறுவதுண்டு. பாட்டியின் கேள்வி அப்படிப்பட்டதன்று. பெயரும் உறவும் தெரிந்ததும் அது நின்றுவிட்டது.

பரிசோதனை முடிந்ததும் பாட்டியைக் காரில் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். கோப்பெங் செல்லும் சாலையில் கெல்லிஸ் காஸல் தெரிந்தது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துவிட, கட்டடம் முடிவடையாமலே நின்றுபோனது. அதைக் கட்ட அவர் தென்னிந்தியத் தொழிலாளர்களை வரவழைத்தார். ஸ்பானியக் காய்ச்சலில் அவர்களில் பலர் மடிந்தனர். அருகிலுள்ள மாரியம்மன் கோயில் அந்தத் தொழிலாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுப்பப்பட்டது. கோயிலின் மேல் தெய்வச் சிலைகளோடு துரையின் உருவமும் நிற்கிறது.

மாளிகைக்குத் துரையின் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்? செக்ரோலுக்காகக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டவர்கள் எத்தனை பேர்? தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் அங்கு வாழ்ந்தவர்கள் இன்னும் நம் வரிசைகளில் நிற்கிறார்கள். பட்டம் பெற்று, நாளை மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரப் போகிறவர்கள் நாம். பழைய கிராணியின் குரல் நம் தொண்டையிலும் இருக்கிறது என்பதை அன்று நான் அறிந்துகொண்டேன்.

இந்த ஆண்டும் அதே மண்டபம், அதே மேசை. பாட்டி வந்தார். "வாங்க, தங்கம் பாட்டி" என்றேன்.

அவர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று.