பர்ஸ் காலி... பந்தி ரெடி!

மாசக் கடைசி. மெஸ் பில் கட்டியாச்சு, செல்போனுக்கு ரீசார்ஜும் பண்ணியாச்சு. பர்ஸைத் தட்டினா நூறோ, இருநூறோதான் விழும். அந்த நேரம் பார்த்து ரூம்மேட், 'மச்சி, இன்னிக்கு வெளிய போய் செமையா சாப்பிடணும்டா'ன்னு கிளப்பி விடுவான். அப்போ என்ன பண்ணுவீங்க? ஏசி ரெஸ்டாரன்ட்ல நுழைஞ்சு, மெனு கார்டுல அயிட்டம் பேரைப் பார்க்காம வலது பக்கத்து ரேட்டை மட்டும் பார்த்து ஆர்டர் பண்ணுவீங்க. வேணாம் பாஸ்!

அண்ணாமலை பல்கலைக்கழகத்துல படிக்கிறவங்களும், லீவுல கடலூர்ப் பக்கம் வர்றவங்களும் கொஞ்சம் கிட்ட வாங்க. சிதம்பரத்துல ஆரம்பிச்சு ஸ்ரீமுஷ்ணம், வடலூர், கிள்ளை, பரங்கிப்பேட்டைனு ஒரு ரவுண்டு போகலாம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். பெரிய ஹோட்டல் பேர் எதுவும் இந்த லிஸ்ட்ல இல்லை. ஆனா, ஒவ்வொரு ஊர்லயும் தட்டுல என்ன விழுதுன்னு மட்டும் பார்க்காதீங்க. பக்கத்துல யார் உட்கார்றாங்கன்னும் பாருங்க. மேட்டரே அதுலதான் இருக்கு!

கொத்சு இல்லாம விடியாது

காலையில ஏழு மணிக்கெல்லாம் சிதம்பரம் தேரோடும் வீதிகளுக்கு வந்துடுங்க. இட்லிக்குத் தொட்டுக்க சட்னி, சாம்பார் எல்லா ஊர்லயும் கிடைக்கும். இங்கே கேட்டு வாங்க வேண்டியது கொத்சு. கத்தரிக்காயை வதக்கி மசிச்சு, புளி விட்டுக் கொதிக்க வச்சு, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைச்சுப் போட்டு இறக்குவாங்க. புளிப்பு, காரம், நல்லெண்ணெய் வாசனை மூணும் சேர்ந்து வர்றப்போ, இட்லி எண்ணிக்கை உங்க கன்ட்ரோல்ல இருக்காது.

இந்தக் கொத்சுக்கு ஒரு ஜோடி உண்டு... சம்பா சாதம். மிளகு, சீரகம் பொடிச்சுப் போட்டு நெய் விட்டுப் பிசைஞ்ச சாதம். நடராஜருக்கு நைவேத்தியமா போற ஜோடி இது.

அதே நடராஜர் கோயில் வாசல்லதான் நந்தனார் கதையும் இருக்கு. வயல்ல உழைச்ச ஒரு மனுஷன், சாமியைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு, ஊருக்கு வெளியவே காத்துக் கிடந்த கதை. அந்த நந்தனார் பேர்லயே, தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக 1916-ல இதே சிதம்பரத்துல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவர் சுவாமி சகஜானந்தர். 1929-ல தொடங்கின அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்கும் மூத்த பள்ளிக்கூடம்! கொத்சு சாப்பிட்டுட்டு அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க.

ஏரிக்கரையில ஒரு டீ

சிதம்பரத்துல இருந்து ஸ்ரீமுஷ்ணம் சுமார் 40 கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பு வழியாவும் போகலாம், காட்டுமன்னார்கோயில் வழியாவும் போகலாம். அவசரம் இல்லேன்னா காட்டுமன்னார்கோயில் ரூட்டைப் பிடிங்க. லால்பேட்டைகிட்ட வீராணம் ஏரி வந்துடும். 'பொன்னியின் செல்வன்' ஆரம்பத்துல வந்தியத்தேவன் குதிரையில வர்ற அதே ஏரி. பத்தாம் நூற்றாண்டுல சோழர்கள் வெட்டினது. 2004-ல இருந்து இந்தத் தண்ணி குழாய் வழியா சென்னைக்கும் போகுது. அதாவது, சென்னையில உங்க அத்தை வீட்டு டம்ளர்லயும் வீராணம் இருக்கலாம்!

லால்பேட்டையில பஸ் விட்டு இறங்கி ஒரு டீயும் சூடா ஒரு சமோசாவும் முடிங்க. தண்ணி நிறைஞ்ச மாசமா இருந்தா, ஏரி மீன் குழம்பு எங்கே கிடைக்கும்னு டீக்கடை அண்ணன்கிட்டயே கேளுங்க. அவர் கை காட்டுற இடம்தான் கரெக்ட்டான இடம்.

சாமிக்குப் பிடிச்ச கிழங்கு

ஸ்ரீமுஷ்ணம் சின்ன ஊர். பூவராக சுவாமி கோயில்தான் அடையாளம். பூமியைக் கடலுக்கடியில இருந்து மீட்ட வராகர், இடுப்புல கை வச்சு நிற்கிறார். உடம்பு மேற்குப் பக்கம், முகம் தெற்குப் பக்கம். சாளக்கிராமத் திருமேனி.

மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள போயிடுங்க. ஏன்னா, நாம தேடி வந்தது பிரசாதம். பேரு 'முஸ்தாபி சூரணம்'. முஸ்தான்னா வடமொழியில கோரைக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில 'முத்தக்காசு'ன்னு கேட்டா கிடைக்குமே, அதுவேதான். காட்டுப்பன்றி மண்ணைக் கிளறி இந்தக் கிழங்கை விரும்பிச் சாப்பிடும். வராக அவதாரம் ஆச்சே, சாமிக்கும் அதுதானே பிடிக்கும்? கோரைக்கிழங்கை இடிச்சு, சர்க்கரை, நெய், ஏலக்காய் சேர்த்து இனிப்பா படைக்கிறாங்க. வாயில போட்டா முதல்ல நெய், அப்புறம் இனிப்பு, கடைசியா மண்வாசனையோட ஒரு மெல்லிய காரம். லட்டு, ஜாங்கிரி மாதிரி நினைச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. இது வேற ரகம்!

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கோரையைக் கண்டா நம்ம விவசாயிக்கு ஆகாது. பிடுங்கப் பிடுங்க முளைக்கும். உலகத்துலயே மோசமான களைன்னு தாவர அறிஞர்களே பட்டம் கொடுத்த செடி. அந்தக் களையைத்தான் இந்த ஊர் சாமிக்குப் படைக்குது.

கொஞ்சம் பிளேன் ஏறுவோமா? சூடான் நாட்டுத் தலைநகர் கார்டூமுக்குப் பக்கத்துல, வெள்ளை நைல் நதிக்கரையில அல் கிடாய்னு ஒரு இடம். அங்கே கிடைச்ச ஏழாயிரம் வருஷத்துக்கும் பழைய எலும்புக்கூடுகளோட பல்லுல ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி ஆராய்ச்சி பண்ணினாங்க. முடிவு 2014-ல வெளியாச்சு. அந்த ஜனங்க சாப்பிட்டது இதே கோரைக்கிழங்கு! அங்கே பிற்காலத்துல வாழ்ந்தவங்களுக்குப் பல் சொத்தை ரொம்பக் குறைவா இருந்ததுக்கும் இந்தக் கிழங்கு ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. கானா நாட்டுத் தலைநகர் அக்ராவுக்குப் போனா, இந்தக் கோரையோட ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி ஒரு கிழங்கைத் தெருவுல கூறு போட்டு விற்பாங்க. அப்படியே மென்னு சாப்பிடலாம், அரைச்சுப் பாலெடுத்தும் குடிக்கலாம். ஸ்ரீமுஷ்ணத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இப்படி ஒரு கிழங்கு சொந்தம்!

அணையாத அடுப்பு

மத்தியானப் பசி வயித்தைக் கிள்ளுதா? சேத்தியாத்தோப்பு வந்து வடலூர் பஸ் ஏறுங்க. அங்கே வள்ளலார் தொடங்கின சத்திய தருமச்சாலை இருக்கு. பார்வதிபுரம் கிராமத்துக்காரங்க 80 காணி நிலத்தைக் கொடுத்தாங்க. 1867 மே 23-ம் தேதி அடுப்பு மூட்டினாங்க. அந்த அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையலை. 1876-ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்தையே உலுக்கிப் போட்ட பெரும் பஞ்சம் வந்ததே... அதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே எரிய ஆரம்பிச்ச அடுப்பு இது.

சோறு, குழம்பு, ரசம், மோர். ஸ்டார்ட்டர், டெஸர்ட் எல்லாம் எதிர்பார்க்காதீங்க. பில்லும் வராது! வரிசையில உட்காரணும், போட்டதைச் சாப்பிடணும், எழுந்து வந்துடணும். உங்க பேர் என்ன, ஊர் எது, என்ன ஜாதி, என்ன மதம்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. பக்கத்துல ஒரு பாட்டி இருப்பாங்க, அந்தப் பக்கம் காவி கட்டின சாமியார், எதிர் வரிசையில உங்களை மாதிரியே பேக் மாட்டின ஒரு காலேஜ் பையன்.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணுதா? கொஞ்சம் பின்னாடி போய்ப் பாருங்க. சென்னையில ஒரு ஹோட்டல் போர்டுல இருந்த 'பிராமணாள்'ங்கிற எழுத்தை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்தினது 1957-ல. கிராமத்து டீக்கடைகள்ல ரெண்டு வித டம்ளர் வச்ச கதை அதுக்கு அப்புறமும் ஓடிச்சு. அந்தப் போராட்டத்துக்கு 90 வருஷம் முன்னாடியே எல்லாரையும் ஒரே வரிசையில உட்கார வச்ச இடம் வடலூர். இன்னொண்ணும் கவனிங்க. வள்ளலார் புலால் கூடாதுன்னு கறாரா சொன்னவர். ஆனா, பசின்னு வந்தவன் கறி சாப்பிடுறவனா இருந்தாலும் அவன் பசியை ஆத்தணும்னு சொன்னவரும் அவர்தான்.

மறுபடியும் கார்டூமைப் பார்ப்போம். 2023 ஏப்ரல்ல அங்கே போர் வெடிச்சு, ஹோட்டல், மார்க்கெட் எல்லாம் மூடிக் கிடந்தப்போ ஜனங்களுக்குச் சோறு போட்டது எது தெரியுமா? 'தகாயா'ங்கிற பொதுச் சமையல்கூடங்கள். பெரிய அண்டாவுல பருப்பு வேக வச்சு, தெருத் தெருவா ஊத்தினவங்கள்ல பெரும்பாலானவங்க உங்க வயசுப் பசங்க. சூஃபி மடங்கள்ல வர்றவங்களுக்கெல்லாம் சோறு போடுற பழைய வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்துக்கிட்டாங்க. ஒரு ஊருக்குக் கஷ்டகாலம் வர்றப்போ, அந்த ஊரோட பெஸ்ட் சாப்பாட்டு இடம் எதுன்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சுடும்!

நண்டு, இறால்... நடுவுல ஒரு சாமி ஊர்வலம்

ரெண்டாவது ஞாயிறு கடல் பக்கம். சிதம்பரத்துல இருந்து கிழக்கே கிள்ளை, அங்கிருந்து பக்கத்துலயே பிச்சாவரம். சுமார் 1,100 ஹெக்டேர்ல அலையாத்திக் காடு. சிதம்பரத்தோட பழைய பேர் தில்லை இருக்கே, அந்தத் தில்லை மரம் இந்தக் காட்டுலதான் நிக்குது. படகுல போறப்போ மரங்களோட வேரைப் பாருங்க. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிஞ்சு வளர்ற தொட்டில் அது. 2004 டிசம்பர் 26-ல சுனாமி வந்தப்போ, காட்டுக்குப் பின்னாடி இருந்த கிராமங்கள்ல சேதம் குறைவுன்னு 2005-ல ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. அதனால, நண்டு மசாலா ருசிக்கணும்னா முதல்ல காடு இருக்கணும். படகுல இருந்து சிப்ஸ் பாக்கெட்டைத் தண்ணியில வீசுற ஃப்ரெண்டை அங்கேயே ரெண்டு தட்டு தட்டுங்க!

பரங்கிப்பேட்டை இன்னும் கொஞ்சம் வடக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துல. போர்ச்சுகீசியர்கள் 'போர்ட்டோ நோவோ'ன்னு பேர் வச்ச பழைய துறைமுகம். அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் ஆய்வு மையமும் இங்கேதான். நண்டு குழம்பு, இறால் தொக்கு, முஸ்லிம் வீட்டுக் கைப்பக்குவத்துல நெய்ச்சோறு, பிரியாணினு கட்டு கட்டலாம். காலையில வந்த மீன் மத்தியானம் தட்டுல இருக்கும். 'இன்னிக்கு என்ன வந்துச்சு?'ன்னு கேட்டு, அதையே வாங்குங்க. மெனு கார்டை விட கடல் சொல்றதுதான் சரியா இருக்கும்.

மாசி மகத்தப்போ வந்தீங்கன்னா இன்னொரு காட்சி கிடைக்கும். ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமி ஊர் ஊரா பவனி வந்து, கிள்ளைக் கடல்ல தீர்த்தவாரிக்கு இறங்குவார். வழியில கிள்ளை தைக்கால்ல அவரைப் பட்டும் மாலையும் கொடுத்து வரவேற்கிறது யார் தெரியுமா? அங்கே இருக்கிற இஸ்லாமியர்கள். தலைமுறை தலைமுறையா நடக்குது. வராகர் முகத்தோட வர்ற சாமி, தர்கா வாசல்ல மரியாதை வாங்குறார். இந்த மண்ணுல சாதிச் சண்டையும் நடந்திருக்கு, வீடு எரிஞ்ச கதையும் இருக்கு. அதே மண்ணுலதான் இதுவும் நடக்குது.

கடைசியா ஒரு வார்த்தை

ஹாஸ்டல் மெஸ்ல ஒரே டேபிள்ல சாப்பிடுறோம். ஆனா, யோசிச்சுப் பாருங்க... ஊருக்குப் போனா அதே ஃப்ரெண்டை வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் அம்மா கையால சாப்பிட வைக்க எத்தனை பேரால முடியுது? 'அவன் எந்தத் தெரு?'ன்னு வீட்டுல கேட்பாங்கன்னு பயந்து, வாசல்லயே பேசி அனுப்பி வச்சவங்க நம்மள்ல நிறைய பேர். வெளியே சேர்ந்து சாப்பிடுறது ஈஸி. உள்ளே சேர்ந்து சாப்பிடுறதுதான் கஷ்டம். வடலூர் பந்தியில ரெண்டு தடவை உட்கார்ந்து எழுந்தா, அந்தக் கஷ்டம் எவ்வளவு அர்த்தம் இல்லாததுன்னு உங்களுக்கே புரியும். அப்புறம் வீட்டுல பேச தைரியம் தானா வரும்.

பைக்குள்ள வச்சுக்கோங்க...

* ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் காலையிலயே போயிடுங்க. விருத்தாசலத்துல இருந்து வந்தா தூரம் இன்னும் குறைவு.

* தருமச்சாலையில சாப்பிட்டதும் கிளம்பிடாதீங்க. காய் நறுக்க, பரிமாற கை தேவைப்படுதான்னு கேட்டுப் பாருங்க. தைப்பூசத்தப்போ கூட்டம் தாங்காது.

* மே, ஜூன்ல வந்தா பண்ருட்டி பலாப்பழத்தை மிஸ் பண்ணிடாதீங்க. முந்திரியும் அங்கேயே வாங்கலாம்.

* முக்கியமான ஐட்டம்: இதுவரைக்கும் நீங்க வீட்டுக்குக் கூப்பிடாத அந்த ஒரு ஃப்ரெண்ட். அவரையும் கூட்டிட்டுப் போங்க!